பலகை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ரிஸ்க்-ஃபைவுக்கான மென்பொருளை எமுலேற்றரின் துணையோடு உருவாக்குவது பற்றி

உங்கள் கேள்வியை, பிறரும் விளங்கிக்கொள்ளும்படி, முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஊர் வாசிகசாலையில் உள்ள பழைய பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் ஸ்கான் செய்து, படத்திலுள்ள எழுத்துகளை வாசிக்கும் டெசரக்ட் மென்பொருளைக் கொண்டு தேடக்கூடிய உரையாக மாற்ற விரும்புகிறீர்கள். அதற்காக விஷன்ஃபைவ் 2 என்னும் ரிஸ்க்-ஃபைவ் பலகை (இன்டெலினின்று வேறான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை ஓட்டும் புரொசசர் கொண்ட சிறு கணினி) ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். அது இன்னும் வந்துசேரவில்லை. கையில் இருப்பது இன்டெல் புரொசசர் கொண்ட மடிக்கணினி மட்டுமே. அதில், வேறொரு புரொசசருக்குரிய நிரல்களை ஓட்டிக்காட்டும் கியூஎமு எமுலேற்றரைப் பயன்படுத்தி ரிஸ்க்-ஃபைவ் டெபியன் லினக்ஸ் சூழல் ஒன்றை அமைத்து, சில மாற்றங்கள் செய்த டெசரக்ட் மூலநிரலை அதற்குள்ளேயே தொகுத்தீர்கள், அதாவது புரொசசர் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றினீர்கள். இரவு தொடங்கிய வேலை விடிந்த பிறகுதான் முடிந்தது. முடிந்தபின், டெசரக்ட் தரும் உரையைச் சொற்களாகப் பிரிப்பதற்கு நீங்களே சி மொழியில் எழுதிய சிறு நிரல் ஆங்கில வரிகளைச் சரியாகப் பிரித்தது. தமிழ் வரிகளுக்கு வெற்று விடை தந்தது. இன்டெலில் அதே நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஆகவே எமுலேற்றரில் உருவாக்கியதை நம்பலாமா, அல்லது பலகை வரும்வரை பொறுத்திருப்பதா என்று கேட்கிறீர்கள்.

நம்பலாம், பொறுத்திருக்க வேண்டியதுமில்லை. ஆனால் தொகுக்கும் பாரத்தை எமுலேற்றரின் மேல் ஏற்றியது தேவையற்றது. தொகுப்பதை இன்டெல் மடிக்கணினியே நேரடியாகச் செய்யட்டும். தொகுத்து முடிந்ததை ஓட்டிப் பார்ப்பதற்கு மாத்திரம் எமுலேற்றரை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வரிகளிற் கண்ட பிழை எமுலேற்றரின் பிழை அன்று. அது உங்கள் நிரலில் முன்பே இருந்து இன்டெலில் மறைந்து கிடந்தது. இந்த முடிவுகளுக்குக் காரணம் சொல்வதற்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எமுலேற்றருக்குள் தொகுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரற்கோப்பின் தலைப்பகுதியிலும் அது எந்தப் புரொசசருக்கு உரியது என்பதைச் சொல்லும் எண் ஒன்று உண்டு: இன்டெல் 64 பிட்டுக்கு 62, ஆர்ம் 64 பிட்டுக்கு 183, ரிஸ்க்-ஃபைவுக்கு 243, சீனாவின் லூங்ஆர்ச்சுக்கு 258. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் உள்ள பின்ஃப்எம்டி-மிஸ்க் என்னும் வசதி, 243 என்ற எண்ணைக் கண்டதும் அந்தக் கோப்பைத் தானே ஓட்ட முயலாமல் கியூஎமுவிடம் கையளிக்கும்படி பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. கியூஎமு, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து இன்டெல் கட்டளைகளாக மாற்றி ஓட்டுகிறது. கோப்பைத் திற, நினைவகம் தா என்பன போன்ற கேர்னல் அழைப்புகளை உங்கள் மடிக்கணினியின் கேர்னலுக்கே மாற்றி அனுப்புகிறது. 2003இல் ஃபப்ரிஸ் பெலார்ட் இதை முதன்முதலில் வெளியிட்டது முதல் அடிப்படை எண்ணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டில், தொகுக்கும் வேலையைச் செய்யும் கொம்பைலரும் ஓர் ஓடும் நிரல், அவ்வளவே. மூலநிரலை வாசித்து எந்தக் கட்டளைகளை எழுதுவது என்று முடிவுசெய்வது கொம்பைலர். எமுலேற்றர் அந்த முடிவிற் பங்குகொள்வதில்லை. கூட்டலையும் ஒப்பீட்டையும் தாவலையும் கியூஎமு சரியாகச் செய்யும்வரை, அதே பதிப்புக் கொம்பைலர் அதே தெரிவுகளுடன் உண்மையான பலகையில் எதை எழுதுமோ அதையே எமுலேற்றரிலும் எழுதும். கியூஎமுவிற் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய பிழைகள் பெரும்பாலும் கொம்பைலர் நடுவில் விழுந்துபோவதாகவே வெளிப்படும். ஓசையின்றிப் பிழையான நிரலை எழுதிவைப்பது அரிது. ஐயம் இருந்தால், இன்டெலில் ஓடி ரிஸ்க்-ஃபைவுக்கு எழுதும் குறுக்குக் கொம்பைலரின் அதே பதிப்பால் ஒரு கோப்பை மீண்டும் தொகுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்டால் அது ஆராயப்பட வேண்டிய பிழை.

ஓர் இரவு முழுவதும் எடுத்ததன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. எமுலேற்றர் மெதுவானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி விடைதான். கியூஎமு ஒருமுறை மாற்றிய துண்டை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே துண்டு மீண்டும் ஓடும்போது மாற்றும் வேலை இராது. ஆகவே நீண்ட நேரம் ஒரே சுழலிற் சுற்றும் நிரல் ஓரளவு வேகமாகவே ஓடும். ஆனால் தொகுப்பு வேலை அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் கொம்பைலர் புதிதாக எழுப்பப்படுகிறது. வேலை முடிந்ததும் மடிகிறது. அதனோடு மாற்றிவைத்த துண்டுகளும் போய்விடுகின்றன, ஏனெனில் ஒரு செயற்பாட்டில் மாற்றியவற்றைக் கியூஎமு அடுத்த செயற்பாட்டுக்கென்று வைத்திருப்பதில்லை. சி++ கொம்பைலர் மிகப் பெரிய நிரல். அதன் பெரும்பகுதியை ஒவ்வொரு கோப்புக்கும் முதலிலிருந்து மாற்ற வேண்டியிருக்கிறது. தொகுப்புக்கு முன் கணினியில் என்னென்ன உண்டு என்று ஆராயும் கொன்ஃபிகர் நிலை இன்னும் மோசமானது, நூற்றுக்கணக்கான குட்டி நிரல்களைத் தொடங்கி முடிப்பதே அதன் வேலை என்பதால். எமுலேற்றருக்கு ஆகவும் ஒவ்வாத வேலையையே அதனிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு மாற்று, இன்டெலில் ஓடி ரிஸ்க்-ஃபைவுக்கு எழுதும் குறுக்குக் கொம்பைலர். டெபியனிலும் உபுண்டுவிலும் அது ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. டெசரக்டுக்குத் தேவையான லெப்டோனிகா லைப்ரரியையும் அது சார்ந்திருக்கும் பட லைப்ரரிகளையும் நீங்கள் தொகுக்கத் தேவையில்லை. ரிஸ்க்-ஃபைவ் 2023இல் டெபியனின் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளுள் (புரொசசர் வகைகளுள்) ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13 அதை முழுமையாக ஆதரிக்கும் முதல் வெளியீடு. மடிக்கணினியில் உள்ள டெபியனுக்கு ரிஸ்க்-ஃபைவை இரண்டாவது கட்டமைப்பாக அறிவித்துவிட்டால், அந்த லைப்ரரிகளின் ரிஸ்க்-ஃபைவ் பதிப்புகள் இன்டெல் பதிப்புகளுக்கு இடையூறின்றித் தமக்குரிய அடைவில் வந்து அமரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டெசரக்டே டெபியனில் ரிஸ்க்-ஃபைவுக்குத் தொகுக்கப்பட்டுக் கிடைக்கிறது. மூலநிரலில் மாற்றங்கள் செய்திருப்பதால் உங்களுக்கு அது நேரடியாகப் போதாது. எனினும் அதையும் நிறுவிவையுங்கள். ஒரே பக்கத்தை இரண்டாலும் வாசித்து ஒப்பிடும்போது, ஒரு பிழை உங்கள் மாற்றத்தால் வந்ததா கட்டமைப்பால் வந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.

குறுக்குத் தொகுப்பில் ஆட்கள் இடறிவிழும் இடங்கள் சில உண்டு. லைப்ரரிகள் எங்கே உள்ளன என்று சொல்லும் பிகேஜி-கொன்ஃபிக் என்னும் கருவி வழக்கம்போல் இன்டெல் லைப்ரரிகளைக் காட்டிவிடும். தொகுத்தவற்றை லைப்ரரிகளோடு இணைக்கும் நிலையில், கோப்பின் வடிவம் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால் முதலிற் பார்க்க வேண்டியது அதைத்தான். டெபியன் ரிஸ்க்-ஃபைவுக்கென்றே அதன் தனிப் பெயர் கொண்ட வடிவத்தைத் தருகிறது. இரண்டாவது இடறல், தொகுப்பின் நடுவே தான் தொகுத்த நிரலையே ஓட்டிப் பார்க்க விரும்பும் மென்பொருள்கள். எமுலேற்றர் தன் முழுப் பயனையும் தருவது இங்கேதான். தொகுப்பை நடத்தும் கருவிகளுள் ஒன்றான சிமேக்கில், குறுக்குத் தொகுப்பின்போது நிரல்களை எதன் மூலம் ஓட்டுவது என்று சொல்வதற்கு ஒரு மாறி உண்டு. அத்தகைய இன்னொரு கருவியான மெசனின் குறுக்குக் கோப்பிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. இரண்டிலும் கியூஎமுவின் பெயரைக் கொடுத்துவிட்டால், கொம்பைலர் இன்டெலின் முழு வேகத்தில் ஓடும். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை ஓட்ட வேண்டிய சில கணங்கள் மட்டும் எமுலேற்றரைத் தொடும். கொன்ஃபிகரை உருவாக்கும் ஓட்டோகொன்ஃப் வகையில் எந்தக் கணினியில் தொகுக்கிறோம், எந்தக் கணினிக்காகத் தொகுக்கிறோம் என்ற இரண்டையும் வெளிப்படையாகக் கொடுங்கள். பின்னதை மட்டும் கொடுத்தால் அது ஒரு சோதனை நிரலை ஓட்டிப் பார்க்கும். பின்ஃப்எம்டி-மிஸ்க் பதிவாகியிருப்பதால் அந்த நிரல் ஓடிவிடும். ஓடிவிட்டதால் இது குறுக்குத் தொகுப்பே அன்று என்று முடிவுகட்டிவிடும்.

குறுக்குத் தொகுப்புக்கு எந்த வகையிலும் இணங்காத மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றுக்கு ஓர் இடைவழி உண்டு: சூழல் முழுவதும் ரிஸ்க்-ஃபைவாக இருக்க, கொம்பைலர் மட்டும் இன்டெலில் ஓடுவதாக அமைத்தல். சூசே லினக்ஸின் பொதிகளை உருவாக்கும் ஓபன் பில்ட் சேர்விஸ், ஆர்ம் பொதிகளுக்கு இந்த வழியைக் கையாண்டது. தனி ஆள் ஒருவர் தொகுப்பு வேலையை வேறிடத்துக்கு அனுப்பும் டிஸ்ட்சிசி மூலம் இதைச் செய்துகொள்ளலாம்: எமுலேற்றருக்குள் இருக்கும் கொன்ஃபிகரும், தொகுப்பை வரிசையாக நடத்தும் மேக்கும் தம் வேலையைச் செய்யும், கொம்பைலரை அழைக்கும் ஒவ்வோர் அழைப்பும் வெளியே அதே மடிக்கணினியில் காத்திருக்கும் குறுக்குக் கொம்பைலரிடம் போகும். இரு பக்கமும் கொம்பைலரின் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

நீங்கள் அமைத்த டெபியன் சூழலை அழிக்க வேண்டாம், சோதனைக்கு அது வேண்டும். பழைய வழிகாட்டிகள் சொல்வதுபோலக் கியூஎமுவின் நிலைத்த பிரதியை (வேறு லைப்ரரி தேவைப்படாத பிரதியை) அந்தச் சூழலுக்குள் நகலெடுக்கும் தேவை இப்போது இல்லை, கேர்னல் 4.8 முதல், பதிவுசெய்யும்போதே எமுலேற்றரைத் திறந்து பிடித்துவைக்கும் தெரிவு இருக்கிறது, டெபியனின் பொதி அதைத் தானே செய்துகொள்கிறது. இணையத் தரவுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் ஏப்ட்-கேஷர்-என்ஜி என்னும் இடைநிலைச் சேமிப்பை மடிக்கணினியிலோ வேறொரு கணினியிலோ நிறுவிக்கொள்வது நல்லது. ஒருமுறை இறக்கிய பொதி அடுத்தமுறை சூழலைப் புதிதாக அமைக்கும்போது வீட்டுக்குள்ளிருந்தே வரும், நண்பர்களுக்கும் அதிலிருந்தே கொடுக்கலாம். தொகுத்தவற்றைச் சேமித்துவைக்கும் சிகேஷையும் இயக்கிவையுங்கள், மின்சாரம் நின்றுபோய் வேலை நடுவில் அறுந்தாலும், ஏற்கெனவே தொகுத்த கோப்புகள் மறுமுறை தொகுக்கப்படாமல் எடுத்துக்கொள்ளப்படும்.

புதிய கட்டமைப்புக்குப் பழைய மூலநிரலைக் கொண்டுபோகும்போது முதலில் வரும் தடை பெரும்பாலும் மிக எளியது. ரிஸ்க்-ஃபைவின் வடிவமைப்பு 2010இல் பேர்க்லியில் தொடங்கியது. லினக்ஸ் உலகத்துக்குள் அது வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அதற்கு முன் பொதியாக்கப்பட்ட மூலநிரல்களில் உள்ள இயந்திர வகையைக் கண்டறியும் கொன்ஃபிக்-கெஸ், கொன்ஃபிக்-சப் என்னும் கோப்புகளுக்கு அந்தப் பெயரே தெரியாது; இயந்திர வகை அறியப்படவில்லை என்று நின்றுவிடும். ஓட்டோரீகொன்ஃப் கட்டளையால் அவற்றைப் புதுப்பித்தாற் போதும். அடுத்தது, தொகுப்பு விதிகள் உள்ள மேக்ஃபைலில் யாரோ நேரடியாக எழுதிவைத்த இன்டெலுக்கேயுரிய தெரிவுகள், அவற்றை நீக்குங்கள். மூன்றாவது, பழைய ஜிசிசி கொம்பைலரில் ஒரு பைட், இரண்டு பைட் அளவிலான அணுச் செயல்களுக்கு (நடுவில் வேறெதுவும் குறுக்கிட முடியாதவற்றுக்கு) லிப்-அடொமிக் லைப்ரரியை வெளிப்படையாக இணைக்க வேண்டியிருந்தது; இணைக்கும் நிலையில் அடொமிக் என்ற சொல்லோடு பிழை வந்தால் அதுதான் மருந்து. டெசரக்ட் இவ்விடயத்தில் நன்றாக எழுதப்பட்டது. பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் இன்டெலின் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகளும் ஆர்மின் நியோனும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. எதுவும் பொருந்தாத இடத்திற் பொதுவான சி++ வடிவம் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே தொகுப்பதில் தடை இராது; வேகந்தான் குறையும்.

இனி உங்கள் சொற்பிரிப்பு நிரலுக்கு வருகிறேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனெனில் தமிழைக் கையாளும் நிரல்களை இது குறிப்பாகத் தாக்குகிறது. நீங்கள் அனுப்பிய பகுதியில், ஒரு சார் மாறியின் (ஒரு பைட்டைக் கொள்ளும் மாறியின்) பெறுமதி பூச்சியத்திலும் குறைந்ததாயின் அது தமிழெழுத்தின் பகுதி, இல்லையெனில் ஆங்கிலம் அல்லது குறியீடு என்று சோதிக்கிறீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. 'அ' என்பது 224, 174, 133. முதற் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128க்கும் 191க்கும் இடைப்பட்டது. அதாவது தமிழில் வரும் ஒவ்வொரு பைட்டும் 127க்கு மேற்பட்டது. ஆங்கில எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் அதற்குட்பட்டது. சி மொழியின் விதி, சார் என்னும் வகை குறியுள்ளதா (எதிர் எண்களையும் கொள்வதா) குறியில்லாததா என்பதைக் கட்டமைப்பின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இன்டெல் லினக்ஸில் அது குறியுள்ளது. ஆகவே 224 என்பது -32 ஆகத் தோன்றும், உங்கள் சோதனை பலிக்கும். ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸிலும் ஆர்ம் லினக்ஸிலும் அது குறியில்லாதது. 224 என்பது 224 ஆகவே இருக்கும், பூச்சியத்திலும் குறைந்த பெறுமதி என்றுமே வராது. உங்கள் நிரலின் கண்ணுக்குத் தமிழே இல்லாமற்போய்விடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. சார் பெறுமதியை நேரடியாக ஓர் அட்டவணையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தும் நிரல்கள் இன்டெலில் அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தை வாசித்துக்கொண்டிருக்கும். ரிஸ்க்-ஃபைவில் அட்டவணை 256 இடங்கள் கொண்டதாயின் சரியாக ஓடும், 128 இடங்களே கொண்டதாயின் மறுபுறத்தில் எல்லை தாண்டும். எழுத்தா என்று சோதிக்கும் இஸ்-அல்ஃபா போன்ற சி லைப்ரரிச் சார்புகளுக்குக் குறியுள்ள சார் ஒன்றை அப்படியே கொடுப்பதும் இதே குற்றம். கோப்பின் முடிவைக் காணும் வரை வாசிக்கும் சுழலில், அடுத்த பைட்டை வாசிக்கும் கெட்-சார் தரும் விடையை இன்ட் மாறியில் வாங்காமற் சார் மாறியில் வாங்கினால், ரிஸ்க்-ஃபைவில் அந்தச் சுழல் என்றைக்கும் முடியாது; முடிவைக் குறிக்கும் -1 அங்கே 255 ஆகிவிடும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு முதலிரு பிழைகளும் தலைகாட்டாமலே போய்விடலாம். அதனால்தான், உலகெங்கும் பயன்படும் ஒரு மென்பொருள் புதிய கட்டமைப்பில் எல்லாச் சோதனைகளிலும் தேறியது என்று அறிவிக்கப்பட்ட பின்னரும், தமிழ் உரையைக் கொடுத்து நாங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்காக இதை வேறு எவரும் செய்யப்போவதில்லை.

பைட்டுகளைக் கையாளும் இடங்களிலெல்லாம் அன்சைன்ட் சார் (குறியில்லாத சார்) என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே சரியான திருத்தம். இந்த வகைப் பிழையைத் தேடுவதற்கு எமுலேற்றரும் தேவையில்லை: ஜிசிசிக்கு எஃப்-அன்சைன்ட்-சார் என்னும் தெரிவைக் கொடுத்து இன்டெலிலேயே தொகுத்து ஓட்டினால் ரிஸ்க்-ஃபைவில் நிகழ்வது அப்படியே நிகழும். இதை ஒரு நிரந்தரச் சோதனையாக வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். கட்டாயத்துக்காக எஃப்-சைன்ட்-சார் என்று கொடுத்து ரிஸ்க்-ஃபைவில் பழைய நடத்தையைத் திருப்பிக் கொண்டுவரலாம். பிறர் எழுதிய, தொட முடியாத மூலநிரலுக்கு மட்டுமே அது தகும்.

கட்டமைப்பு மாறும்போது மாறும் வேறு நடத்தைகளையும் எமுலேற்றர் உண்மையாகவே காட்டும். டெசரக்ட் தரும் நம்பகப் பெறுமதிகள் இன்டெலிலும் ரிஸ்க்-ஃபைவிலும் கடைசித் தசம இடங்களில் வேறுபடக் கூடும். அடிப்படை இன்டெல் 64 பிட் கட்டளைத் தொகுதியிற் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே சுற்றாக்கத்தோடு செய்யும் இணைந்த கட்டளை இல்லை. ரிஸ்க்-ஃபைவின் வழக்கமான தொகுதியில் உண்டு. ஜிசிசி தன் வழக்கமான நிலையில், கேட்காமலே அதைப் பயன்படுத்தும். இரண்டுமே ஏற்கத்தக்க விடைகள். ஆகவே சோதனையில் எண்களைச் சமமா என்று பார்க்காமல் நெருக்கமா என்று பாருங்கள். முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் இன்டெலில் நிரல் விழுந்துவிடும். ரிஸ்க்-ஃபைவில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆன விடை வரும், ஆர்மிற் பூச்சியம் வரும், நிரல் தொடர்ந்து ஓடும். எல்லை மீறிய தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும்போதும் மூன்றும் மூன்று விதம். பைட்டுகளின் வரிசையைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம், லூங்ஆர்ச் மூன்றும் லினக்ஸில் இன்டெலைப் போலவே சிறிய இடமதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பவை. தமிழுக்கான பயிற்சிக் கோப்பை அப்படியே எடுத்துச்செல்லலாம்.

எமுலேற்றர் காட்டாதவற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆகக் கூடிய ஆபத்து, எமுலேற்றர் பலகையைவிடக் கெட்டிக்காரனாக இருப்பது. விஷன்ஃபைவ் 2இல் உள்ள ஜேஎச்7110 சில்லில் சைஃபைவ் நிறுவனத்தின் யூ74 வகைக் கருக்கள் நான்கு உண்டு. அவற்றுக்கு வெக்டர் கட்டளைகள் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடுபவை) தெரியாது. கியூஎமுவுக்கோ தெரியும். வெக்டரை இயக்கித் தொகுத்த நிரல் எமுலேற்றரில் அழகாக ஓடிவிட்டு, பலகையில் முதற் கணத்திலேயே அறியாத கட்டளை என்று விழும். ஆகவே தொகுக்கும்போது வெக்டர் இல்லாத ஆர்வி64ஜிசி என்ற அடிப்படையைக் குறிப்பிடுங்கள். ஓட்டும்போதும் சைஃபைவ்-யூ54 போன்ற, வெக்டர் இல்லாத புரொசசர் மாதிரியைத் தெரிவுசெய்யுங்கள். கியூஎமு-சிபியு என்ற சூழல் மாறியில் அந்தப் பெயரை வைத்துவிட்டால் பின்ஃப்எம்டி-மிஸ்க் வழியாக ஓடும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இயங்குதளத்தைத் தெரிவுசெய்யும்போதும் இதையே பாருங்கள். 2024 ஒக்டோபரில் உறுதிசெய்யப்பட்ட ஆர்விஏ23 என்னும் தரவரைவு வெக்டரைக் கட்டாயமாக்குகிறது; உபுண்டு 25.10 அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டதால் உங்கள் பலகையில் அது ஓடாது. டெபியன் 13 ஓடுவதற்குரிய கட்டளைத் தொகுதி பலகையில் உண்டு.

பல இழைகளில் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைத் தொடர்களில்) ஓடும் நிரல்களின் ஒழுங்குப் பிழைகளும் எமுலேற்றரில் மறைந்துவிடும். நினைவகத்தில் எழுதுவதும் வாசிப்பதும் எந்த வரிசையிற் பிறருக்குத் தெரியும் என்பதில் இன்டெல் இறுக்கமானது, ரிஸ்க்-ஃபைவ் தளர்வானது. ரிஸ்க்-ஃபைவ் நிரலை இன்டெலின் மேல் ஓட்டும்போது கீழே இருக்கும் இன்டெலின் இறுக்கமே ஆட்சிசெய்கிறது. வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளை ஒன்றை மறந்த நிரல் அங்கே ஆயிரம் முறை ஓடினாலும் பிழைக்காமல் இருக்கலாம், பலகையில் பிழைக்கலாம். வேகத்தைப் பற்றியும் எமுலேற்றரிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஒழுங்கற்ற முகவரியிலிருந்து வாசிப்பது கியூஎமுவிற் சாதாரணம்; சில உண்மையான ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளில் அது மென்பொருளால் ஈடுசெய்யப்பட்டு மிக மெதுவாகும். நினைவகப் பக்க அளவு ரிஸ்க்-ஃபைவிலும் 4 கிலோபைட் என்பதால் உங்களுக்குத் தொல்லையில்லை; பின்னாளில் ராஸ்பெரி பை 5க்கு இதே மென்பொருளைக் கொண்டுபோனால், அதன் வழக்கமான கேர்னல் 16 கிலோபைட் பக்கம் கொண்டது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

பிழைதிருத்தும்போது ஒன்று உங்களைத் திகைக்க வைக்கும்: இப்படிப் பயனர் நிலையில் ஓடும் கியூஎமு, ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்க உதவும் பிட்ரேஸ் அழைப்பை ஆதரிப்பதில்லை. ஆகவே சூழலுக்குள்ளே பிழைதிருத்தியான ஜிடிபியும், கேர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸும் வேலை செய்யா. நினைவகக் கசிவைக் காணும் சனிற்றைசரும் இதனாலேயே விழும், உங்கள் நிரலின் குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். கியூஎமுவுக்கே எஸ்ட்ரேஸ் என்ற தெரிவு உண்டு. ஒரு வலையமைப்புத் துறை எண்ணைக் கொடுத்து வெளியிலிருந்து பல கட்டமைப்பு ஜிடிபியால் இணைந்துகொள்ளவும் முடியும். கேர்னலோடு நெருங்கிப் பழகும் மென்பொருளாயின் முழு இயந்திரத்தையும் போலச் செய்யும் நிலைக்குப் போக வேண்டும். அங்கே ரிஸ்க்-ஃபைவ் கேர்னலே ஓடுவதால் எல்லாம் உள்ளபடி நடக்கும், ஆனால் ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் முகவரி மாற்றத்தையும் எமுலேற்றரே செய்வதால் வேகம் இன்னும் குறையும். லினக்ஸின் வேகமான மெய்நிகர் இயந்திர வசதியான கேவிஎம் இங்கே கைகொடுக்காது. அது ஒரே கட்டமைப்புக்குள் மட்டுமே. எழுத்துணர்வு வேலைக்கு இந்த நிலை உங்களுக்குத் தேவைப்படாது.

பலகை வருமுன்பே உண்மையான ரிஸ்க்-ஃபைவ் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஜிசிசி கொம்பைல் ஃபார்ம் என்னும் திட்டம், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பல கட்டமைப்புக் கணினிகளில் இலவசக் கணக்குத் தருகிறது; அவற்றுள் ரிஸ்க்-ஃபைவும் உண்டு. உங்கள் மாற்றங்களைத் திறந்த உரிமத்தோடு வெளியிட்டிருந்தால் விண்ணப்பியுங்கள். அங்கே முதலில் ஓட்ட வேண்டியது இழைகளைப் பயன்படுத்தும் பகுதியை: டெசரக்ட் ஓபன்எம்பி என்னும் வசதி மூலம் பல இழைகளைத் தொடங்கும். ஒரே பக்கத்தை இழை எண்ணிக்கையை 1 என்று கட்டுப்படுத்தி ஒருமுறையும், நான்காக விட்டுப் பலமுறையும் ஓட்டி, விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். சொற்பிரிப்பு நிரலைத் திருத்தியபின், தமிழும் ஆங்கிலமும் எண்களும் கலந்த ஒரு பத்திரிகைப் பக்கத்தையே சோதனைக் கோப்பாக வைத்து, இன்டெலிலும் எமுலேற்றரிலும் அந்தக் கணினியிலும் வரும் விடைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலிரண்டும் ஒத்து மூன்றாவது மட்டும் மாறினால், அந்தக் கோப்பையும் தொகுத்த தெரிவுகளையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.